பற்று இல்லாத வரவு

2019 ஏப்ரல் 13-ம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் ஓ.ஜி. என்ற அணி. ஐந்து இளைஞர்கள். 'டோட்டா 2' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் அதற்கு முந்தின வருஷம் உலக சாம்பியன் ஆனவர்கள். எதிர்ப்பக்கம் நாற்காலியில் யாரும் இல்லை. 'ஓப்பன்ஏஐ ஃபைவ்' என்ற மென்பொருள்தான் எதிராளி. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவருக்கு வெற்றி என்று வைத்திருந்தார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு வேலையே வரவில்லை. முதல் இரண்டையும் மென்பொருளே ஜெயித்துவிட்டது.

டோட்டா தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஐந்து பேர் ஒரு கட்சி, ஐந்து பேர் இன்னொரு கட்சி. ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டு எதிரியின் கோட்டையைத் தகர்க்க வேண்டும். சதுரங்கத்தில் எதிராளியின் எல்லாக் காயும் கண் முன்னால் இருக்கும். இதில் எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்பது தெரியாது. ஊகிக்க வேண்டும், ஏமாற்ற வேண்டும், கூட இருக்கும் நாலு பேரை நம்ப வேண்டும். இதெல்லாம் மனுஷனுக்கே உரிய சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மென்பொருள் எப்படிக் கற்றுக்கொண்டது? தனக்குத் தானே எதிராளியாகி ஆடி ஆடி. பத்து மாதத்தில் அது ஆடித் தீர்த்தது 45,000 வருஷத்து ஆட்டம் என்றார்கள். நம்ம கீழடிக்கே சுமார் 2,600 வருஷம்தான். அதற்கப்புறம், யார் வேண்டுமானாலும் வந்து மோதலாம் என்று நாலு நாள் கதவைத் திறந்து வைத்தார்கள். உலகம் முழுக்க இருந்து வந்து மோதினார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். மென்பொருள் ஜெயித்தது 99.4 சதவீதம்.

'ஆட்டம் சமமா நடந்ததா சார்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டோட்டாவில் நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் உண்டு. அன்றைக்கு 17 பேரை மட்டும் வைத்துத்தான் ஆடினார்கள். அந்த மென்பொருளுக்கு அவ்வளவுதான் பழக்கம்.

'ஸ்டார்கிராஃப்ட் 2' விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் சூடாக எழுந்தது. 2018 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் 'ஆல்ஃபாஸ்டார்', இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆளுக்கு 5-0 என்று தோற்கடித்தது. டி.எல்.ஓ. என்ற பெயரில் ஆடும் ஜெர்மன்காரர் ஒருவர், மானா என்ற பெயரில் ஆடும் போலந்துக்காரர் இன்னொருவர். ஆனால், மனிதன் கேமராவை அங்கே இங்கே நகர்த்தி ஒவ்வொரு மூலையாகப் பார்க்க வேண்டிய இடத்தில், அது தன் பார்வைக்கு உட்பட்ட வரைபடம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தது. நெருக்கடி நேரங்களில் எந்த மனித விரலுக்கும் வராத வேகத்தில் கட்டளைகளைக் கொட்டியது என்றும் பலர் குறை சொன்னார்கள்.

2019 ஜனவரி 24-ல், இந்த முடிவுகளை வெளியிட்ட அதே நாளில், மானாவோடு நேரடி ஒளிபரப்பில் இன்னொரு ஆட்டம். இந்தத் தடவை வந்த மென்பொருள் மனிதனைப் போலவே கேமராவை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். மானா ஒரு சின்னப் படையை அதன் கோட்டைக்குள் இறக்குவார், துரத்த வந்தால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார், மறுபடி இறக்குவார். பெரிய படை அங்குமிங்கும் அலைந்தது. எலி பிடிக்க யானையைக் கட்டி இழுத்த கதை. மானா ஜெயித்தார்.

அந்த ஒரு மனித வெற்றியைப் பெரிதுபடுத்திப் பிரயோஜனமில்லை. அதே வருஷம் அக்டோபரில் ஆல்ஃபாஸ்டார் மனிதக் கட்டுப்பாடுகளோடு ஆடியே கிராண்ட்மாஸ்டர் மட்டத்துக்குப் போய்விட்டது. எனவே 'சமமா ஆடினா நாமதான்' என்ற சமாதானம் ரொம்ப நாள் தாங்காது. அதை விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் போவோம். இயந்திரம் நம்மை ஜெயித்துவிட்டது. சரி. இனிமேல் எதற்காக ஆட வேண்டும்?

இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள்.

ஒருவர் லீ செடோல். 'கோ' விளையாட்டின் மகா மேதை, தென்கொரியர். 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோவிடம் 4-1 என்று தோற்றார். 2019 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். நான் முதலிடத்துக்கே வந்தாலும், தோற்கடிக்க முடியாத ஒன்று மேலே இருந்துகொண்டே இருக்கும் என்கிற அர்த்தத்தில் பேசினார்.

இன்னொரு பதில் ஓ.ஜி. அணியுடையது. ஏப்ரலில் மென்பொருளிடம் தோற்ற அதே ஐந்து பேர் ஆகஸ்டில் ஷாங்காய் போனார்கள். அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் மறுபடியும் உலக சாம்பியன் ஆனார்கள். அந்தப் பட்டத்தைத் தொடர்ந்து இரண்டு முறை வென்ற முதல் அணி. 'உங்களை ஒரு மென்பொருள் நாலு மாசம் முன்னாடி மண்ணைக் கவ்வ வைத்ததே, இந்தக் கோப்பைக்கு என்ன மதிப்பு?' என்று அரங்கில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கண்ணீர் விட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. பஸ் மனிதனைவிட வேகமாக ஓடுகிறது, அதற்காக ஓட்டப்பந்தயத்தை நிறுத்திவிட்டோமா? கேட்க நன்றாக இருக்கிறது. லீ செடோலிடம் இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். கால் வேகத்தை வைத்து மனிதன் தன்னைப் பெருமையாக நினைத்துக்கொண்டதில்லை, குதிரை எப்போதுமே நம்மைவிட வேகம். அவர் ஐந்து வயதிலிருந்து வளர்த்தது யோசனையை. அதைப் பறித்துக்கொண்டு பஸ்ஸைக் காட்டினால் எப்படி?

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கணக்குப்பதிவியலில் முதல் நாள் சொல்லித்தருவது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால்தான் ஏடு நேராகும். விளையாட்டும் அப்படித்தான். ஒருத்தர் கணக்கில் வெற்றி வரவானால், இன்னொருத்தர் அந்தத் தோல்வியைத் தன் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிக்கொள்வதென்றால், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் புரள வேண்டும். அந்தப் புரளலுக்குச் சம்மதித்துத்தான் இருவரும் பலகைக்கு முன்னால் உட்காருகிறார்கள்.

மென்பொருள் தோற்றால் யார் புரள்வது? அதற்கு அந்த ஆட்டத்தின் மேல் பற்று இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருப்பது வசதிதான்.

பாண்டியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம் ஒன்று இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. பெத்தாங்க். கனமான இரும்புக் குண்டை வீசி, தூரத்தில் கிடக்கும் சின்ன மரக் குண்டுக்குப் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்த வேண்டும். ரிட்டயரான பெரியவர்கள் டேப் வைத்து அளந்து சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். மில்லிமீட்டர் பிசகாமல் வீசுகிற இயந்திரக் கையை இன்றைக்குச் செய்வது பெரிய காரியமில்லை. கொண்டு வந்து நிறுத்தினால் ஒரு நாள் வேடிக்கை பார்ப்பார்கள். மறுநாள், 'அந்தாண்ட எடுத்துட்டுப் போப்பா, மறைக்குது' என்பார்கள். தோற்றபின் அதைக் கேலி பண்ண முடியாதே.

முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவரின் பையன், பத்தாவது படிக்கிறான். ஃபோனில் துப்பாக்கி விளையாட்டு. எதிராளிகளில் சிலர் நிஜ ஆட்கள், சிலர் 'பாட்' என்கிற மென்பொருள் ஆட்கள். எப்படிடா கண்டுபிடிக்கிறே என்று கேட்டேன். "ஈஸியா தெரிஞ்சிடும் மாமா. பாட்டைச் சுட்டா போர். ஜெயிச்சாலும் திட்டறதுக்கு ஆள் இல்ல."

ஒரு நிமிஷம். என் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. மானா அந்த நேரடி ஆட்டத்தில் ஜெயித்தபோது சந்தோஷப்படவில்லையா? பட்டார். பார்த்தவர்களும் பட்டார்கள். ஏனென்றால் அந்த மென்பொருளுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் உழைத்த பொறியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பற்று அவர்கள் கணக்கில் விழுந்தது. ஆக, இயந்திரத்தோடு ஆடுவது தப்போ வீணோ இல்லை. எதிரே யார் என்று தெரிந்து ஆடுகிறோம், அவ்வளவுதான். தெரியாமல் போகும்போதுதான் வம்பு.

1770-ல் வியன்னாவில் கெம்பெலன் என்பவர் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைச் செய்தார். தலைப்பாகை கட்டிய துருக்கியர் உருவம். 1783-ல் அது பாரிஸ் போனது. அந்த வருஷம் இங்கே கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் நிஜப் பீரங்கிகளோடு மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பொம்மையோடு ஆடினார். பிற்பாடு 1809-ல் நெப்போலியனும் ஆடினார். பெட்டிக்குள்ளே ஒரு சதுரங்க நிபுணர் குறுகி உட்கார்ந்து காயை நகர்த்திக்கொண்டிருந்தார் என்பதுதான் ரகசியம். இயந்திரத்துக்குள் மனிதன்.

2021 ஜூன் 13-ல் இதே வித்தை தலைகீழாக நடந்தது. கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்ட, நம்ம விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு இணையத்தில் சதுரங்கம் ஆடினார். ஆமிர்கான், கிரிக்கெட் வீரர் சஹல் என்று ஒரு பட்டியல். அதில் ஜெரோதா நிறுவனர்களில் ஒருவரான நிகில் காமத், ஐந்து முறை உலக சாம்பியனான ஆனந்தைத் தோற்கடித்தார்! மறுநாளே அவர் ஒப்புக்கொண்டார். ஆட்டத்தை அலசிச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், கம்ப்யூட்டர் உதவியும் இருந்தது. வருத்தமும் தெரிவித்தார். ஆனந்த் அதைப் பெரிசு பண்ண விரும்பவில்லை.

'தர்ம காரியம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்று அப்போது பலர் கேட்டார்கள். உண்மைதான். பணம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. ஆனந்தின் பட்டம் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் ஏதோ உறுத்தியது, இல்லையா? காரணம் இதுதான்: ஆனந்த் நேரத்தையும் பெயரையும் பலகையில் வைத்துவிட்டு, தோற்கவும் கூடும் என்ற சம்மதத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் அந்தச் சம்மதம் இல்லை. மனிதனுக்குள் இயந்திரம். ஏட்டில் பொய்ப் பதிவு.

இத்தனைக்கும் ஆனந்த் கம்ப்யூட்டருக்கு எதிரி அல்ல. 1997-ல் காஸ்பரோவ் 'டீப் புளூ'விடம் தோற்றதற்கு முன்பிருந்தே கம்ப்யூட்டரை வைத்துப் பயிற்சி செய்தவர். 1999-ல் ஸ்பெயினின் லியோன் நகரில், இரண்டு ஆட்டக்காரர்களுமே கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியோடு நடந்த போட்டியில் கார்ப்போவை ஜெயித்தார். அது ஏமாற்று இல்லை. இருவருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

இன்னொரு சென்னைப் பிள்ளை குகேஷ். 2024 டிசம்பர் 12-ல், 18 வயதில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். சின்ன வயதில் அவருக்குப் பயிற்சியளித்த விஷ்ணு பிரசன்னா, நல்ல மட்டத்துக்கு வரும்வரை அவரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் திரையில் விடை பார்த்துக்கொண்டிருந்த காலம். இவர் மட்டும் தானே யோசித்து, தப்பு செய்து, தோற்று, எழுந்து வந்தார். கேள்வி மனசில் ஊறுவதற்கு முன்னால் விடை வந்துவிட்டால் அது தங்காது என்பது நம்ம ஊர் வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

இதெல்லாம் விளையாட்டு விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் ரம்மியில் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் நாசமாயின! 'எதிரே உட்கார்ந்து என் சம்பளத்தை ஜெயித்தது ஆளா, மென்பொருளா?' என்ற சந்தேகம் பணம் இழந்த பலருக்கும் உண்டு. 2022-ல் தமிழ்நாடு சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. அதே சட்டம் டோட்டா மாதிரியான இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக அங்கீகரிக்கிறது. வித்தியாசம் புரிந்த சட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கு அப்பாலும் போகிறது. காலேஜ் பையன் கட்டுரையை மென்பொருளிடம் எழுதி வாங்கித் தன் பெயரைப் போடுகிறான். வேலைக்கு மனுப் போடுகிறவர் போடுகிறார். நண்பனின் அப்பா இறந்ததற்கு இரங்கல் செய்தியைக்கூட அதனிடம் கேட்டு வாங்கி, வெட்டி ஒட்டி அனுப்புகிறோம். வாசகம் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கிறவர், நாம் ஐந்து நிமிஷமாவது வார்த்தை கிடைக்காமல் திண்டாடியிருப்போம் என்று நம்பித்தான் படிக்கிறார். அந்தத் திண்டாட்டம்தான் அவருக்கு நாம் தருகிற மரியாதை. 'எனக்கு எழுத வரலைடா, நேர்ல வர்றேன்' என்ற ஒரு வரி அதைவிட மேல்.

உதவி வாங்குவதில் குற்றமில்லை. வாங்கியதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லத் தயக்கமாக இருக்கிறதா? அப்படியென்றால் அந்த இடத்தில் நம்மையே எதிர்பார்த்து யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இனி ஜெயிப்பதற்கு நம்மைவிடக் கெட்டிக்கார இயந்திரங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். வரட்டும். தோற்கிற பொறுப்பை மட்டும் நாம் கையிலேயே வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கும் வரை அது அவருக்கு நாம் பட்ட கடன்.