கட்டைவிரலில் ஒரு நூல்

இருக்கம் தீவில் படகுக்காரர் தூங்கிய விதம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாதங்கள் ஆகிவிட்டன. பஸ்ஸில் வேறு எதையோ யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவருடைய கால் கட்டைவிரல் வந்து கண்முன் நிற்கும்.

பழவேற்காட்டில் படகேறி, ஏரி வழியாகவே வடக்கே தடா பக்கம் வரை மெதுவாகப் போவது என்று ஏற்பாடு. ஊர் ஊராக இறங்குவது, தங்குவது, மறுபடி ஏறுவது. நடுவில் இருக்கம் தீவில் தங்கியிருந்தபோது ஒரு நாள் வாடைக்காற்று தூக்கி அடித்தது. "எதிர்க்காத்து சார், இன்னிக்கு வேணாம். நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் அவர். ஒரு முழுப் பகல் சும்மா கைக்கு வந்தது.

ஒரு வீட்டில் மடவைக் குழம்பும் சோறும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கரையோரம் மர நிழலுக்கு வந்தோம். படகை அவர் ஏற்கெனவே கட்டியிருந்தார். சேற்றில் கழியை ஆழமாக ஊன்றி, தடித்த கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, இழுத்தும் பார்த்திருந்தார். அதன்பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தங்கூசிச் சுருளை எடுத்தார். ஒரு முனையைப் படகின் ஓரத்தில் முடிந்தார். நூலை விட்டுக்கொண்டே பின்னால் நடந்து வந்தார். துண்டை விரித்துப் படுத்து, மறுமுனையை வலதுகால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டார். முடிச்சுப் போடவில்லை, சும்மா இரண்டு சுற்று. உடனே தூங்கிப்போனார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நூலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். காற்று படகைத் தள்ளும்போது நூல் விறைக்கும், விரல் கொஞ்சம் அசையும். படகு திரும்பி வரும், நூல் தொய்யும். எத்தனையோ தடவை இழுபட்டும் அவர் கண் திறக்கவில்லை. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தபோது கேட்டேன்: "அண்ணா, கழியிலதான் கட்டியாச்சே, கால்ல எதுக்கு?" நூலைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அது போட்டுக்கு சார். இது எனக்கு."

மேற்கொண்டு அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்னவோ.

காரணம் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பழவேற்காடு ஏரி சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி. ஆனால் பல இடங்களில் இடுப்பளவு நீர்கூட இருக்காது. முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடல் ஏறினால் ஏரியும் ஏறும், வற்றினால் வற்றும். அசந்திருந்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், அப்புறம் தள்ளி இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே நூல். சரி, ஆனால் அத்தனை தடவை விரல் அசைந்தும் எழாத மனிதரை அந்த நூல் எப்படி எழுப்பும்? காற்றின் இழுப்பு வேறு, வற்றும் நீரின் இழுப்பு வேறு என்று தூக்கத்திலேயே விரலுக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் "இது எனக்கு" என்று அவர் சொன்னதற்கு அந்த விளக்கம் போதவில்லை.

இப்படித் தூங்கிய இன்னொருவர் என் அப்பா. திருப்பதியில் ரயிலடிப் பக்கம் ஒரு லாட்ஜில் ராத்திரி வேலை பார்த்தார். அந்த ஊருக்கு ராத்திரி என்று தனியாக ஒன்று கிடையாது. இரண்டு மணிக்கு ஒரு வண்டி வரும், மொட்டை போட்ட குழந்தைகளும் மூட்டைகளுமாக ஒரு குடும்பம் வாசலில் வந்து நிற்கும். அப்பா வாசல் பெஞ்சில் படுத்திருப்பார். சாவிக்கொத்து இடுப்புக் கயிற்றில் கட்டியிருக்கும். சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் சிலசமயம் நானும் அங்கேயே படுத்துவிடுவேன். அவர் புரண்டால் சாவிகள் சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் அவர் விழித்ததே இல்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நிற்பார்.

அதே ஊரில் பாட்டி என்னைக் கோவிந்தராஜர் கோயிலுக்கு அழைத்துப் போவாள். ராமானுஜர் 1130-ல் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லும் கோயில் அது. மலைமேல் தம்பி பெருமாள் நிற்கிறார், கீழே அண்ணன் கோவிந்தராஜர் படுத்திருக்கிறார். ஏன் படுத்திருக்கிறார் என்று கேட்டால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதையைச் சொல்வாள். தம்பி கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனைத் திருப்ப, உண்டியல் காசை மரக்காலால் அளந்து அளந்து அலுத்துப்போன அண்ணன், அந்த மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாராம். சிறுவயதில் அவர்மேல் பாவமாக இருந்தது. ஒரு தலையணை கொடுக்க யாருமில்லையா என்று கேட்டேன். பாட்டி, "அது இருந்தாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்டா" என்றாள். சும்மா சமாதானத்துக்குச் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா?

மலைமேலும் இதே கதைதான். ராத்திரி வெகு நேரம் கழித்து ஏகாந்த சேவை, விடிவதற்கு வெகு முன்பே சுப்ரபாதம். பெருமாளுக்குக் கிடைக்கும் இடைவெளி கொஞ்சம். கட்டிலில் கிடத்தித் தாலாட்டுப் பாடுவது மூலவருக்கு அல்ல, போக ஸ்ரீனிவாசர் என்ற சிறிய வெள்ளித் திருமேனிக்கு. பல்லவ அரசி சாமவை கொடுத்தது. அந்தத் திருமேனியைச் சம்பந்த கூர்ச்சம் என்ற இணைப்பால் மூலவரோடு சேர்த்தே வைத்திருப்பார்கள் என்று பின்னாளில் படித்தேன். படித்தபோது அது ஒரு செய்தி, அவ்வளவுதான். தீவிலிருந்து வந்தபிறகு வேறு மாதிரி உறைக்கிறது. தூங்குவதற்கென்று இருப்பவரையே நூல் போட்டுப் பிணைக்க வேண்டும் என்று யாருக்கோ அந்தக் காலத்தில் தோன்றியிருக்கிறது.

கயிறு என்றால் ஏரியோடு சேர்ந்து பக்கிங்காம் கால்வாயும் ஞாபகத்துக்கு வருகிறது. 1806-ல் தொடங்கியது, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் பிடித்து நீட்டியது. ஸ்ரீஹரிகோட்டா விறகு இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போனது. காற்று இல்லாத இடத்தில் கரைமேல் நடந்து, தோளில் கயிறு போட்டுத் தோணியை இழுத்தார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் மாமல்லபுரம் போய்வந்து எழுதிய 'மாவலிபுரச் செலவு' பள்ளியில் படித்தது. வரிகள் மறந்துவிட்டன. உல்லாசமாகத் தொடங்கும் பயணம் இழுக்கிறவர்கள் படும் பாட்டைக் கண்டதும் கனத்துப்போவது மட்டும் மனதில் தங்கியிருக்கிறது. என் படகுக்காரரின் தாத்தாவும் விறகுத் தோணி இழுத்தவராம். அவர் தோளில் கிடந்த கயிறும் பேரன் விரலில் இருந்த நூலும் ஒன்றல்ல. அதைக் கட்டியது அடுத்தவன், இது தானே சுற்றிக்கொண்டது. ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

இந்த ஏரிக்கரையில் சும்மா இருக்கும் நாள்கள் பலவகை. இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் 'பாடு' என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் உண்டு. பாடு அடுத்தவருக்குப் போன நாளில் இவர் கரையில். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது, அன்றும் கரையில். காற்று அடித்தாலும் கரைதான். இதில் எதையும் இந்த மீனவர்கள் லீவு என்று சொல்லிக் கேட்டதில்லை. நான்தான் அன்று அந்தப் பகலை ஓய்வு என்று நினைத்து மரத்தடியில் மல்லாந்து கிடந்தேன். என்மேல் எந்தக் கட்டும் இல்லை. அவர் தூங்கினார், நான் தூங்கவில்லை.

அதற்காகக் கட்டிக்கொண்டால்தான் தூக்கம் வரும் என்று சொல்லிவிட முடியுமா? அப்பா விஷயம் இடிக்கிறது. ஓய்வுபெற்றபின் எங்கள் சித்தூர் வீட்டில் அவருக்குத் தனி அறை, நல்ல கட்டில், மின்விசிறி எல்லாம் இருந்தன. இரண்டு மணிக்கு எழுந்து வாசற்கதவைத் திறந்து பார்ப்பார். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். அத்தனை வருஷம் சாவிக்கொத்தோடு தூங்கியது அவரைத் தாங்கிப் பிடித்ததா, இல்லை தூக்கத்தையே தின்றுவிட்டதா? அம்மா முதல் பதிலைச் சொல்கிறாள். தம்பி இரண்டாவதை. படகுக்காரரைப் பார்த்த நாளில் நான் அம்மா கட்சி. வீட்டுக்கு வந்து அப்பாவின் காலி அறையைப் பார்த்தால் தம்பி சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

இதில் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டில் ராத்திரி வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது இருந்தால், நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்பாவிடம் நான் கேட்டதில்லை.