தனக்கென்றால் வேண்டாம்

தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டுமா என்று மருத்துவர்களையே கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வி.ஜே. பெரியகோயில் தலைமையிலான குழு 2014-இல் அதை வெளியிட்டது. பதில் சொன்ன 1,081 மருத்துவர்களில் 88.3 சதவீதத்தினர் தங்களுக்கு அது வேண்டாம் என்றார்கள்.

பிறகு ஏன் நம் வீட்டுப் பெரியவருக்கு மட்டும் வென்டிலேட்டர்? ‘பில்லுக்காகத்தான்’ என்று பதிலும் கூடவே வாயில் வந்துவிடும். ஐ.சி.யூ. கட்டணம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரிந்தவன் என்பதால் அந்தப் பதிலை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அது மட்டும் போதவில்லை. அமெரிக்காவில் ஐந்து போதனா மருத்துவமனைகளில் 9,105 நோயாளிகளை வைத்து நடந்த ‘சப்போர்ட்’ ஆய்வின் முடிவுகள் 1995-இல் வந்தன. நெஞ்சை அழுத்த வேண்டாம் என்பது நோயாளியின் விருப்பமாக இருந்தபோது, அதை அறிந்திருந்த மருத்துவர்கள் 47 சதவீதம்தான். தெரியாததுதான் குறை போலும் என்று, பயிற்சி பெற்ற நர்சுகளை அமர்த்தி, நோயாளியின் விருப்பத்தையும் பிழைக்கும் வாய்ப்பையும் மருத்துவரின் காதில் போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் நடைமுறை மாறவில்லை.

ஏன் என்று எனக்கு விளங்க வைத்தவன் என் சித்தப்பா மகன். தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் டாக்டர். “செத்தவரு என் மேல கேஸ் போட மாட்டாருண்ணே. உசுரோட இருக்கிற மகன்தான் போடுவான்” என்றான். இரவு பகலாகக் கூட இருந்த மகள் ‘போதும் டாக்டர், அப்பாவ இனிமே கஷ்டப்படுத்தாதீங்க’ என்பாளாம். அன்றிரவு விமானத்தில் வந்திறங்கும் மகன் ‘எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல, எல்லாத்தையும் செஞ்சு பாருங்க’ என்பானாம். யார் சொல் ஜெயிக்கும் என்று கேட்க வேண்டியதே இல்லை. அமெரிக்க மருத்துவர்களிடையே இந்த ஆளுக்குப் பட்டப்பெயரே இருக்கிறது: ‘கலிஃபோர்னியா மகள்’. 1991-இல் ஒரு முதியோர் மருத்துவ இதழ்க் கட்டுரையின் தலைப்பில் ஏறிய பெயர். கலிஃபோர்னியாக்காரர்கள் அவளை வேறு ஏதாவது ஊர்க்காரியாக்கிவிடுவார்களாம். நம்மூரில் அவள் பெரும்பாலும் மகன். அவன் வந்திறங்குவதும் பல நேரம் அதே கலிஃபோர்னியாவிலிருந்துதான்.

மருத்துவர் தனக்கென்று முடிவெடுக்கும்போது இந்த மகன் எதிரே நிற்பதில்லை. அழுத்தும்போது விலா எலும்பு முறிவதைக் கையால் உணர்ந்தவர் என்பது அவருடைய தெளிவுக்கு ஒரு காரணம். தன் விஷயத்தில் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டுச் சட்டம் இதில் மெல்லத்தான் நடந்து வந்தது. 1973-இல் தாக்கப்பட்டு, 2015-இல் இறக்கும்வரை மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் கிடந்த அருணா ஷான்பாக்கின் வழக்கில்தான், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அருணாவுக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. பராமரித்த மருத்துவமனை ஊழியர்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில், உயிர்காப்புச் சிகிச்சை எப்போது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் லிவிங் வில் செல்லும் என்று தீர்ப்பானது. ஆனால் அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டுமாம். சாவைப் பற்றி எழுதிய தாளோடு கோர்ட்டுக்கு யார் போவார்கள்? 2023-இல் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்தும் போதும் என்றார்கள். சிகிச்சையை நிறுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இன்னும் இருக்கிறது.

சட்டம் வந்து சேர்வதற்குள் நம் ஊர் தனக்கொரு வழி பண்ணிக்கொண்டது. ‘இனி எங்க கையில எதுவும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க’ என்பார் டாக்டர். மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துப் போகிறோம் என்று குடும்பம் கையெழுத்துப் போடும். ஆலோசனை சொன்னவர் அவர், மீறியவர்கள் இவர்கள்! ஆம்புலன்சில் ஒருவர் மூச்சூட்டும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வருவார். வீட்டுக் கூடத்தில் கட்டிலில் கிடத்தியதும் கை நின்றுவிடும். இந்தப் பொய்யை முழுக்கப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பேர் சொந்த வீட்டில், சொந்த மனிதர்களுக்கு நடுவில் கண்மூடியது இதனால்தான். ஆனால் அந்தக் கடைசி மூச்சுத் திணறலுக்கு மார்ஃபின் கொடுக்க அங்கே ஆளில்லை. வலியைத் தணிக்கும் சிகிச்சை நின்றுபோவதுதான் அந்தக் கையெழுத்தின் உண்மையான விலை.

2024 செப்டம்பரில் சுகாதார அமைச்சகம் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கென வரைவு நெறிமுறைகளை வெளியிட்டது. இந்திய மருத்துவச் சங்கத்தின் அன்றைய தலைவர், இது மருத்துவர்களைச் சட்டக் கெடுபிடிக்கும் மன அழுத்தத்துக்கும் ஆளாக்கும் என்று எதிர்த்தார். காப்பாற்ற வந்த விதியையே கண்டு மிரள்கிறார்களே என்று எரிச்சல்தான் வந்தது. ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினால் முடிவு டாக்டருடையது என்று எந்தத் தாளிலும் இராது. அந்த இரண்டு மருத்துவக் குழுக்களில் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். மிரட்சி அங்கேதான் இருக்கிறது.

என் லிவிங் வில் தாளை எழுதிவிட்டேன். வென்டிலேட்டர் எப்போது வேண்டாம், வலி நீக்கும் மருந்து எப்போதும் வேண்டும் என்பதெல்லாம் எளிதாகவே வந்தது. எனக்காகப் பேச வேண்டியவர்களின் பெயர் எழுதும் இடத்தில்தான் பேனா நின்றது. சித்தப்பா மகனிடம் கேட்டேன். “யார் பேர வேணா எழுதுங்கண்ணே. ஆனா பீரோவுல வச்சுப் பூட்டிடாதீங்க. பிள்ளைகள் எல்லாரையும் ஒரே நாள்ல உக்கார வச்சுச் சொல்லிடுங்க. புதுசா கேள்விப்பட்டு யாரும் என் முன்னால வந்து நிக்கக் கூடாது” என்றான்.

பொங்கலுக்கு எல்லோரும் வருகிறார்கள், அன்றைக்கே பேசிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். “பேசுங்க. சாப்பிட்டு முடிக்கட்டும்” என்றாள்.