விடுமுறையின் சுமை

பாடசாலை விடுமுறை நெருங்கினால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் ஒரே பேச்சுத்தான்: இந்த முறை எங்கே போவது? அண்மைக் காலத்தில் அதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. சூழலுக்குக் கேடில்லாமல் எப்படிப் போவது? பிள்ளைகள் பாடசாலையில் கற்றுக்கொண்டு வந்து கேட்கிறார்கள். விடுதிகளும் 'பசுமை' என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிவைத்திருக்கின்றன.

கேள்வி நல்லதுதான். ஆனால் நாம் அதற்குத் தேடும் விடை பெரும்பாலும் ஒரு பட்டியலாக முடிந்துவிடுகிறது. பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், பொலித்தீன் வேண்டாம், குப்பையைக் கண்ட இடத்தில் போட வேண்டாம். பட்டியலில் பிழை ஒன்றுமில்லை. எனினும் அதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டியது வேறொன்று: நமது ஓய்வின் சுமை யார் தலையில் இறங்குகிறது?

கற்பிட்டியை எடுத்துக்கொள்வோம். நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் பாலாவியில் திரும்பினால் ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக நீளும் குடாநாடு அது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின்களைப் பார்ப்பதற்காகக் கொழும்புக் குடும்பங்கள் வான் பிடித்துப் போகின்றன. 'இயற்கையோடு ஒரு விடுமுறை' என்று சொல்வதற்குப் பொருத்தமான ஊர்.

ஆனால் அந்த ஊருக்கு நாம் போய்ச்சேரும் முன்பே நமது சுமை போய்ச்சேர்ந்துவிட்டது. வழியிலே நுரைச்சோலை அனல் மின்நிலையம் நிற்கிறது. 2011 முதல் நிலக்கரி எரித்து மின்சாரம் தரும் அந்த நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவொட். நமது தொடர்மாடிகளின் குளிரூட்டிகளுக்கு அங்கிருந்தும் மின்சாரம் வருகிறது. சாம்பலும் தூசியும் அவ்வூர்த் தென்னைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் போகின்றன.

குப்பையின் கதையும் அப்படித்தான். கொட்டாஞ்சேனைக்காரர்களுக்குப் புளூமெண்டல் குப்பைமேட்டை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2009 இல் அங்கே கொட்டுவது நின்றபோது குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதன் பின் அதிகாரிகளின் பார்வை புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டின் மீது நிலைத்தது. வில்பத்து வனத்துக்கு அருகே, சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய பகுதி அது. களனியில் குப்பையைச் சேர்த்து அழுத்திப் புகையிரதத்தில் அங்கே அனுப்புவதென்பது திட்டம். 2018 இல் புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் அறவழியில் போராடினார்கள். 2019 இல் கொழும்பின் குப்பை லொறிகளில் அங்கே போகத் தொடங்கியது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையானோருக்கு இடம் கொடுத்த மாவட்டமும் இதுதான். அகதியை ஏற்றுக்கொண்ட மண்ணிடம் நிலக்கரியையும் கொடுத்து, குப்பையையும் கொடுத்துவிட்டு, டிசம்பரில் சுத்தமான காற்று வாங்க நாம் அங்கே போகிறோம்.

கடலுக்குள் இறங்கினாலும் இதே கணக்குத்தான். ஸ்பின்னர் டொல்பின்கள் இரவில் ஆழ்கடலில் இரை தேடுபவை; பகலில் ஓய்வெடுப்பவை. நாம் படகில் துரத்துவது அவற்றின் ஓய்வு நேரத்தில். 'இன்னும் கிட்டப் போங்க' என்று சத்தமிடுவது படகோட்டியல்ல, காசு கொடுத்த நாம்தான். கிட்டப் போகாத படகுக்கு நாளைக்கு ஆள் ஏறாது என்பது அவருக்குத் தெரியும். நமது ஓய்வுக்காக இன்னொரு உயிரின் ஓய்வு பறிபோகிறது.

வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். பொலித்தீன் இல்லாத பயணம் என்று வாப்பா தீர்மானிப்பார். விடியப்புறம் எழும்பிச் சோறு கட்டுவதும், பாத்திரங்களைச் சுமப்பதும், திரும்பி வந்து கழுவிக் கவிழ்ப்பதும் உம்மாவின் பங்காகிவிடும். லஞ்ச் ஷீட்டின் வேலையை ஒரு பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டு அதைச் சூழல்நேயம் என்று அழைத்தால், சுமை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நம்மிடம் ஸஹன் இருக்கிறது. ஒரு தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து உண்ணும் அந்த வழக்கத்தில் தட்டுகளும் குறைவு, மிச்சமும் குறைவு. அந்த ஒரு தட்டையாவது ஆண்பிள்ளைகள் கழுவட்டும்.

'ஒரு குடும்பம் திருந்தினால் நுரைச்சோலை நின்றுவிடுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நிற்காது. அருவக்காட்டை நாம் தனித்துத் தீர்மானிக்கவும் இல்லை. அரசாங்கங்களின் பொறுப்பைக் குடும்பங்களின் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. ஆனால் பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகச் சொன்ன மார்க்கம், அதனால் உலகத்து முட்களெல்லாம் தீர்ந்துவிடுமா என்று கணக்குக் கேட்கவில்லை. மக்கள் நடக்கும் வழியையும், நீர் எடுக்கும் துறையையும், ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவதை நபியவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். அந்த மூன்றும் பொது இடங்கள்; அவற்றைக் கெடுப்பவன் தான் அறியாத ஒரு மனிதனுக்குத் தீங்கு செய்கிறான். இன்று அந்த அறியாத மனிதன் நூறு மைல் தள்ளி வாழ்கிறான். தூரம் கூடியதால் கடமை குறைந்துவிடுவதில்லை.

அதற்காகப் போகாமலே இருந்துவிடுவதும் விடையல்ல. இரண்டு அறை வீட்டில் வளரும் பிள்ளைக்கு வானமும் கடலும் உரிமையானவை. கற்பிட்டியின் படகோட்டிக்கும் சமையற்காரருக்கும் நமது வருகை வருமானம். முசாபிருக்கு மார்க்கம் சலுகைகள் தந்திருக்கிறது. போகுமிடத்து மனிதரின் ஹக்கை மறக்கும் சலுகை அதில் இல்லை.

ஆகவே திட்டமிடுதல் வீட்டுக் குப்பைக்கூடையில் தொடங்க வேண்டும். ஆண்டு முழுவதும் உக்கும் குப்பையைப் பிரித்து ஒதுக்கும் வீடு, விடுமுறைக்குப் போகாமலேயே புத்தளத்துக்கு ஒரு நன்மை செய்கிறது. போகும்போது இயன்றால் பஸ்ஸில் போகலாம். வான்தான் என்றால் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போகலாம். ஊர்க்காரர் நடத்தும் இடத்தில் தங்கி, அவர் சமைப்பதை உண்டு, உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். அப்போது உம்மாவுக்கும் அது விடுமுறையாகும். படகில் ஏறும் முன்னே, 'துரத்த வேண்டாம், தூர நின்று பார்த்தால் போதும், காசு குறையாது' என்று சொல்லிவிடலாம். டொல்பின் தெரியாத நாளில் பிள்ளை ஏமாந்து நிற்கும். கடல் நமக்குக் கடமைப்பட்டதல்ல என்பதை அதற்கு விளங்கப்படுத்த அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

திரும்பும் வழியில் நுரைச்சோலைப் புகைபோக்கியைக் காட்டி, 'நம்மட வீட்டு லைட் இங்கே இருந்தும்தான் வருகிறது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டும். பார்த்த அழகை மட்டும் பிள்ளையின் நினைவில் ஏற்றி, அந்த ஊர் நமக்காகச் சுமப்பதை மறைத்தால், சுத்தமாகப் போய் வந்தோம் என்ற திருப்தி மட்டுமே மிஞ்சும். அந்தத் திருப்திக்கும் உரிய விலையைப் புத்தளம்தான் கொடுத்துக்கொண்டிருக்கும்.