மடங்காத கால்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் ஒரு வீட்டில் லாரி இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் ரிக் வண்டி நிற்கும். இரண்டுக்குமே கால்தான் மூலதனம். கேபினில் ஏறணும், குதிக்கணும், டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காரணும்.

அந்தக் கணுக்கால் உடைந்தால்? 'எலும்பு கூடிடுச்சு' என்பதோடு கதை முடிவதில்லை. மூட்டுக்குள் குருத்தெலும்பு அடிபட்டிருந்தால், அது பல வருஷம் கழித்து வந்து கணக்குக் கேட்கும். முழங்கால் பெரும்பாலும் வயதால் தேயும். தேய்ந்துபோன கணுக்கால்களிலோ, பத்துக்கு ஏழு பழைய காயத்தால் வந்தவை. அதனால்தான் நாற்பது வயதிலேயே நொண்டிக்கொண்டு வருகிறார்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. நல்ல திட்டம். ஆனால் கணுக்காலுக்கு 48 மணி நேரம் வெறும் பிள்ளையார் சுழி!

மாத்திரைக்கும் ஊசிக்கும் வலி அடங்காதபோது பெரிய ஆபரேஷனில் இரண்டு வழி. தேய்ந்த பரப்பைச் சுரண்டிவிட்டு, எலும்புகளை ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்கிவிடலாம். வலி அடங்கும், கணுக்கால் மடங்குவதும் போகும். பாதத்தின் மற்ற மூட்டுகள் கூடுதல் சுமையை இழுத்துப் போட்டுக்கொண்டு காலப்போக்கில் தேயலாம். இன்னொன்று, உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த செயற்கை மூட்டு. மடங்கும். ஆனால் தேயும், தளரும், மறுபடி கத்தி வைக்க வேண்டி வரலாம். பி.காம். பாஷையில் சொன்னால், இதற்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதணும்.

எது உசத்தி? பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 303 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்தில் இரு தரப்புமே நன்றாகத் தேறியிருந்தார்கள். நடப்பதிலும் நிற்பதிலும் எதுவும் எதையும் உறுதியாக ஜெயிக்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் 50 முதல் 85 வயது. நம்ம நாற்பது வயசு டிரைவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அவரிடம் டாக்டர் கேட்பது, 'என்ன வேலை பண்றீங்க?' லாரி, மூட்டை என்றால் பெரும்பாலும் எலும்பை இணைக்கத்தான் சொல்வார்கள். காரணம் நியாயமானது. இள வயசு, பளுவான வேலை. செயற்கை மூட்டு சீக்கிரம் தேயும். ஆனால் விளைவைப் பாருங்கள்: சாய்வு நாற்காலிக்காரருக்கு மடங்கும் கால், தினம் கேபின் ஏறுகிறவருக்கு மடங்காத கால்!

எனக்கு மருத்துவத்தின் மேல் கோபமில்லை. கேள்வி வேலையோடு நின்றுவிடுவதில்தான் கோபம். 'பசங்க படிச்சு முடிக்கிற பத்து வருஷம் நல்லா ஓட்டினாப் போதுங்க. அப்புறம் மறுபடி ஆபரேஷன்னா பார்த்துக்கலாம்' என்று ஒருவர் சொன்னால் அது முட்டாள்தனமா? லாரியையே ஃபைனான்ஸில் எடுத்து ஓட்டுகிற ஊர் இது. நாளைய வருமானத்தின் மேல் இன்றைக்குக் கடன் வாங்குகிற கணக்கை அவருக்கு யார் சொல்லித் தரணும்?

அந்த இரண்டாவது ஆபரேஷனுக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருக்கப் போவது அவர் மகன்தான். அவனைக் கேட்க வேண்டாமா? கேட்கலாம். ஆனால் தீர்மானம் கால்காரருடையது என்பேன். செயற்கை மூட்டு வைத்தாலும் பழையபடி குத்துக்காலிட வராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு.

டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அடிபட்டது பிரேக் மிதிக்கிற வலது காலா, கிளட்ச் காலா; வீட்டில் எந்த டாய்லெட்; வண்டித் தவணை இன்னும் எத்தனை மாசம் பாக்கி.