தலைவலியும் தவக்குலும்

 

மஃரிபு தொழுது வெளியே வந்தால் பள்ளிவாசல் படியில் செம்பும் கையுமாகச் சிலர் நிற்பார்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொரு வீட்டில் தாய்க்குத் தலைவலி. ஓதி ஊதிக் கொடுப்போம். இமாமாக இருந்து வரும் நாளெல்லாம் நானும் இதைச் செய்திருக்கிறேன், இன்றும் செய்கிறேன். ஆனால், ஒரு செம்புத் தண்ணீரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வீட்டு மருமகளுக்கு நிக்காஹ் ஆகி வந்த நாள் தொட்டே ஒற்றைத் தலைவலி. மாதத்தில் மூன்று நான்கு நாள் ஒரு பக்கப் பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. இருட்டறையில் சுருண்டு கிடப்பாள். மாமியார் கண்ணேறு என்பார். கணவர் கடையில் மாத்திரை வாங்கி வருவார். நான் தண்ணீர் ஓதித் தருவேன். இரண்டு நாளில் நோவு தானே தணிந்துவிடும். அவரவர் வைத்தியமே பலித்ததாக அவரவர் எண்ணிக்கொள்வோம்!

அவள் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது மறுபடியும் செம்பு வந்தது. கொண்டு வந்த சிறுவன், "ராத்தாவுக்கு இந்தத் தடவை தலை முழுக்க வலிக்குதாம் ஹஜ்ரத். கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குதாம். முகமெல்லாம் வீங்கியிருக்கு" என்றான். காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. வழக்கமாக வருவதுதானே என்று ஓதி அனுப்பிவிட்டேன். பஜ்ருக்கு முன்பே அவளுக்கு வலிப்பு கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அல்லாஹ்வின் கிருபையால் தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அந்தச் சிறிய கபுருக்கு மண் தள்ளிய கைகளில் என் கையும் ஒன்று.

இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமே அந்தத் தலைவலி என்று டாக்டர் அம்மா விளக்கினார். கர்ப்பம் ஐந்து மாதத்தைக் கடந்த பிறகு சிலருக்கு இப்படி வரும். கையில் பட்டி கட்டி அழுத்தம் பார்த்து, சிறுநீரையும் சோதித்தால் தெரிந்துவிடுமாம். சில நிமிட வேலை!

"எல்லாம் நஸீபு" என்றார் மாமியார். நஸீபு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நம்முடைய அசட்டைக்கும் அந்தப் பெயரைச் சூட்டலாமா?

பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். அவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி வந்தது. இஹ்ராம் கட்டியிருந்த நிலையில், மக்கா செல்லும் வழியில், அதற்காகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்று புகாரீயில் வருகிறது. அன்று கிடைத்த வைத்தியம் அது. படைத்தவன் மீது அவர்களை விட அதிகமாகத் தவக்குல் வைத்தவர் யார்? அவர்களே வைத்தியம் செய்துகொண்டார்கள்! நாட்டுப்புற அரபிகள் வந்து, நாங்கள் மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்டபோதும், செய்துகொள்ளுங்கள் என்றே அனுமதித்தார்கள்.

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் கஅபு இப்னு உஜ்ரா (ரலி) அவர்களின் தலையில் பேன் மிகுந்து முகத்தில் உதிர்ந்தது. இஹ்ராமில் தலைமுடி களைதல் கூடாது. ஆயினும் தலையில் உபாதை உள்ளவர் களையலாம், பரிகாரம் கொடுத்தால் போதும் என்று திருமறையின் 2:196ஆம் வசனம் சலுகை தந்தது. ஓர் அடியானின் தலைக்கு வந்த தொல்லைக்காக வேதத்தில் இடம் ஒதுக்கிய ரஹ்மானா, நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை விரும்புவான்?

இன்னொரு நிகழ்ச்சியும் அபூதாவூதில் உண்டு. அதை வாசிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு குறுகுறுக்கிறது. பிரயாணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்தது. பிறகு குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்று அவர்கள் தெரியாமல் சொல்லிவிட்டார்கள். குளித்தார், மவுத்தாகிவிட்டார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரை அவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றும் வருந்தினார்கள். தெரியாமல் பதில் சொன்னவர்களுக்கு அந்தக் கண்டனம் என்றால், சிறுவன் வாயால் அடையாளம் எல்லாம் கேட்டும் ஊதி அனுப்பிய எனக்கு?

அதன் பிறகு டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். பெரும்பாலான தலைவலிகள் ஆபத்தானவை அல்ல. ஆனால் இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்துக்கொள்ளும் வலி, கை கால் தளர்ந்தோ பேச்சுக் குழறியோ பார்வை மங்கியோ வரும் வலி, வலிப்பு கண்ட வலி, தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி, இவற்றுக்கு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கடுமையான தலைவலி வந்தால், அன்றே, அந்நேரமே அழுத்தம் பார்த்தாக வேண்டும்.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப் போடாதீர்கள். பொட்டைத் தொட்டால் நோகிறது, மெல்லும்போது தாடை வலிக்கிறது என்றால் அது கண் பார்வையையே பறித்துவிடக்கூடும். சுஜூதில் குனியும்போதும் இருமும்போதும் கூடுகிற வலி, விடியற்காலை வாந்தியோடு எழுப்புகிற வலி, ஆண்டுக்கணக்காக ஒரு மாதிரி வந்து திடீரென்று வேறு மாதிரி வரும் வலி, இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவையே. நான் கோட்டைவிட்டது இந்தக் கடைசி ரகத்தைத்தான்.

கடை மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போட்டுக்கொண்டே போனால், அந்த மாத்திரையே தலைவலியை நிலைநிறுத்திவிடும். சில கலப்பு மாத்திரைகளுக்குப் பத்து நாளே போதும். நம் பெண்கள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு வெற்றிலை போடுவதுபோல் போடுகிறார்கள்! அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலிக்கு, அது வராமல் குறைக்கும் மருந்துகள் உண்டு. டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டும். எத்தனை நாள் வலித்தது, எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள்.

பெண் டாக்டர் இல்லையே என்று வீட்டிலேயே கிடத்திவிடுவோரும் உண்டு. தேவையின்போது ஆண் டாக்டரிடம் காட்ட ஃபிக்ஹில் இடமிருக்கிறது. கணவரோ சகோதரரோ கூடப் போகட்டும்.

ரமலானில் முதல் சில நாள் அஸருக்குப் பின் பலருக்குத் தலை இடிக்கும். தேநீர், காபி நின்றதும், தண்ணீர் குறைந்ததும், தூக்கம் கெட்டதும் காரணம். ஷஃபானிலேயே தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சஹரை விட்டுவிடாதீர்கள். நோன்பு வைத்தால் நோய் முற்றும் என்று டாக்டர் சொன்னவருக்கு, பிறகு கழாச் செய்துகொள்ளும் சலுகையை அல்லாஹ்வே கொடுத்திருக்கிறான்.

இப்போதும் செம்பு வருகிறது. ஓதுகிறேன். ஊதும் முன் கேட்கிறேன்: "வழக்கமாக வருவதா, புதிதா? வேறு என்ன செய்கிறது? வயிற்றில் பிள்ளை இருக்கிறதா?" சில நாள் பதிலைக் கேட்டதும் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு, முதலில் ஆட்டோ பிடிக்கச் சொல்கிறேன். ஓதிய தண்ணீரை ஆட்டோவில் கொடுத்துவிடுகிறேன்.