பயப்படுவது யார்?

1980இல் ரமல்லாவில் மூன்று பாலஸ்தீன ஓவியர்கள் நடத்திய கண்காட்சியை இஸ்ரேல் ராணுவம் இழுத்து மூடியது. சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை நான்கும் சேர்ந்தால் பாலஸ்தீனக் கொடி. 1967 போருக்குப் பிறகு அதற்கு அங்கே தடை இருந்தது. இந்த நிறங்களில் ஒரு பூ வரைந்தால் என்ன என்று ஓவியர் ஒருவர் கேட்க, தர்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான் என்றாராம் அதிகாரி. மூவரில் ஒருவரான ஸ்லிமான் மன்சூர் பின்னாளில் சொன்னது இது. தர்பூசணி இன்று போராட்டச் சின்னம். அதில் அந்த அதிகாரிக்கும் பங்குண்டு!

நம்மூரிலும் இப்படி நடந்தது. 2019 டிசம்பர் 29, மார்கழி ஞாயிறு. பெசன்ட் நகரில் சிலர் தெருவில் கோலம் போட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று எழுதினார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டது. மறுநாள் கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டு வாசலிலேயே அந்தக் கோலம். லட்சுமி வருவாள் என்று காலங்காலமாகப் போட்ட கோலத்துக்கு எந்த அரசும் வேன் அனுப்பியதில்லை.

கோலமாவிலும் பழத்திலும் தெய்வசக்தி கிடையாது. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து சின்னத்தின் பொருள் மாறும். 1936இல் ஃப்ரான்ஸ் கிராவுஸ் என்ற யூத ஓவியர், யூதக் குடியேற்றத்தை ஆதரித்தவர்களின் சுற்றுலா விளம்பரமாக வரைந்ததுதான் 'விசிட் பாலஸ்டைன்' போஸ்டர். அதையே இன்று பாலஸ்தீனர்கள், தங்கள் நாடு இருந்ததற்குச் சாட்சியாகச் சுவரில் மாட்டுகிறார்கள். ஆகவே சின்னத்தைக் கும்பிடாதீர்கள். அதைப் பார்த்து யார் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள்.

மறைமலை நகர் ரயில் நிலையத்தின் வண்டி நிறுத்தத்தில் ஒரு பைக் பார்த்தேன். பெட்ரோல் டேங்கில் தர்பூசணி ஸ்டிக்கர், சந்தோஷம். பின்பக்கம் போனால், நம்பர் பிளேட்டில் எண்ணுக்கு மேலே சாதிப் பட்டம், ஓரத்தில் சாதிச் சங்கக் கொடியின் நிறங்கள். இந்த நிறங்களுக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு.

2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும், உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டத் தடை வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. காரணம், நிறத்தைப் பார்த்தாலே பையன் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். ரமல்லாவில் நிறத்துக்குப் பயந்தவன் கையில் துப்பாக்கி இருந்தது. நம் வகுப்பறையில் நிறத்துக்குப் பயப்படுகிறவன் கையில் புத்தகம்தான் இருக்கிறது.

காஸாவுக்காகப் பேசுங்கள், பேசியே ஆக வேண்டும். ஆனால் தர்பூசணி ஸ்டேட்டஸ் வைத்தால் இந்த ஊரில் உங்களை யாரும் அடிக்க வரப்போவதில்லை. நம்பர் பிளேட்டில் உள்ளதைச் சுரண்டி எறிந்தால் பெரியப்பா கேள்வி கேட்பார், சங்கத்துக்காரர் வீடு தேடி வருவார், பெண் கொடுக்க வந்தவர்கள் யோசிப்பார்கள். பாலஸ்தீன ஓவியனைப் பாராட்டும் தம்பி, அவன் கொடுத்த விலையில் ஒரு துளியாவது கொடுக்க உங்களுக்கு மனம் இருக்கிறதா?