சுமைதாங்கிக் கல்லும் துரை பங்களாவும்

பழைய பங்களாவில் தங்கப் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு மேலே உத்திரம், அதிலிருந்து சரிந்து இறங்கும் கழுக்கோல்கள், அவற்றின்மேல் எத்தனையோ மழைக்காலம் கண்டு கறுத்த மங்களூர் ஓடு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. தோட்டத் துரைமார் கட்டியவை உண்டு. லண்டன் மிஷன் பங்களாக்கள் உண்டு. திருவிதாங்கூர் அரசு தன் அதிகாரிகள் முகாம் வரும்போது தங்குவதற்காகக் கட்டிய முசாவரி பங்களாக்களும் உண்டு. விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டது இங்கிலாந்திலிருந்துதான் என்றாலும், அந்தக் காலத்தின் சாயல் அசம்பு மலையின் அடிவாரம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வீடுகளில் ஒன்றிரண்டில் இப்போது பணம் கொடுத்து இரவு தங்கலாம். காலையில் வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும்.

எனக்கு இந்த வீடுகள் மேல் தீராத பிரியம் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே வந்து போகிற மண் இது. வெயிலும் லேசானதல்ல. மழை, வெயில் இரண்டையும் அறிந்து கட்டிய வீடுகள் இவை. வெப்பம் மேலே ஏறிப் போக உயரமான கூரை, பகலின் சூட்டை உள்ளே விடாத கனத்த சுவர், சாரல் அறைக்குள் அடிக்காதபடி சுற்றிலும் வராந்தா. அந்த வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் வேறு எதுவும் வேண்டாமென்று தோன்றும். 1860-களில் இந்த மலைச்சரிவுகளில் காடழித்துக் காப்பி போட்டார்கள். பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, ரப்பர் வந்தது. கனவோடு வந்து கடனோடு கப்பலேறியவர்களும் இப்படியொரு வராந்தாவில் உட்கார்ந்துதான் மழையைப் பார்த்திருப்பார்கள்.

நான் தங்கிய வீட்டில் சமையற்கட்டு தனியாக இருந்தது. புகையும் நெருப்பும் அண்டாமல் இருக்க அந்தக் காலத்தில் குசினியைத் தள்ளித்தான் கட்டுவார்கள். மழையில் நனையாமல் சாப்பாட்டைக் கொண்டுவர நடுவில் ஓடு வேய்ந்த நடைபாதை. காலையில் அந்த வழியாக ஆவி பறக்கப் புட்டு வந்தது, பயறும் பப்படமும் மட்டிப்பழமும் கூடவே வந்தன. கொண்டுவந்தவருக்கு எழுபது வயதிருக்கும். சாப்பிடுகிறவரை நின்று பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. உட்காரச் சொன்னேன், கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார்.

“எங்க தாத்தாவும் இங்கதான் சார் சமையலு. நாப்பது வருசம் ஆக்கிப் போட்டாரு. ஆனா இந்த முன்வாசப் படி ஏறினதில்ல. பின்பக்கமாட்டு வருவாரு, பின்பக்கமாட்டு போவாரு.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் அதன்பிறகு கூரையை அண்ணாந்து பார்க்க முடியவில்லை. அந்த முன்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்குமிடம் என்று ஒன்றைக் கட்டும்போதே அதில் தங்கப் போகிறவர் யார் என்பதும், யார் தங்கக் கூடாது என்பதும் சேர்த்தே கட்டப்பட்டுவிடுகிறது. இது துரைமார் மட்டும் செய்ததல்ல. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் இந்திர விலாசத்தைப் பார்த்திருப்பார்கள். அந்நிய நாட்டு விருந்தினருக்கென்று கட்டிய மாளிகை அது. மற்ற கட்டடங்களில் தலை குனிந்து நுழைகிற நாம், அங்கே சன்னலும் வாசலும் உயர்ந்து நிற்பதைக் கண்டதும் இது வேறு யாருக்கோ கட்டியது என்று உணர்ந்துவிடுகிறோம். அதே அரண்மனையில் இரண்டடுக்கு ஊட்டுப்புரை இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உண்ணலாம் என்று அங்கே சொல்வார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சாடிகளை இன்றும் காட்டுகிறார்கள். திருவிதாங்கூருக்குத் தர்ம ராஜ்ஜியம் என்று பெயர் வாங்கிக் கொடுத்ததில் இந்த ஊட்டுப்புரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அங்கே இலை விரித்தது பிராமணர்களுக்கு. அந்த நெல்லை விளைவித்தவர்கள் ஊட்டுப்புரையின் நிழலுக்கே வர முடியாது.

மிஷன் பங்களாக்களின் கதை இன்னும் சிக்கலானது. 1818-இல் சார்லஸ் மீட் பாதிரியார் நாகர்கோவிலுக்கு வந்தார். அடுத்த வருஷம் மால்ட் தம்பதியர் வந்தார்கள். மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை சட்டப்படி இருந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த ஊரில் இருந்தார்கள். வெள்ளைக்கார வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்தப் பெண்கள் தலை குனிந்து பின்னியது மேசை விரிப்பின் ஓரமல்ல, தங்கள் விடுதலைப் பத்திரம். அதே வீடுகளில் எசமானர் சாப்பிடும் மேசை ஒன்றாகவும் ஊழியர் சாப்பிடும் இடம் வேறாகவும் இருந்திருக்கும். இரண்டும் உண்மைதான். ஒன்றுக்காக மற்றொன்றை மறைத்துவிட என்னால் ஆகாது.

பேச்சிப்பாறையில் அணைக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. கோதையாற்றின் குறுக்கே 1906-இல் முடிந்த அந்த அணையைக் கட்டிய மிஞ்சின் என்ற பொறியாளர் 1913-இல் இறந்து அங்கேயே அடக்கமானார். மூக்கன் துரை என்று நம் சனங்கள் அவரை அழைத்தார்கள். தங்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவர் தேக்கிய தண்ணீர்தான் இன்றும் நாஞ்சில் வயல்களுக்கு வருகிறது. பங்களாவில் இருந்த எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம் என்பதற்காகத்தான் அவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நம் மாவட்டத்தின் மிகப் பழைய தங்குமிடங்களுக்குச் சுவரே கிடையாது. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கமோ கன்னியாகுமரிப் பக்கமோ போகும் பழைய வழிகளில் கல்மண்டபங்களைப் பார்க்கலாம். நாலு தூண், மேலே கற்பலகை, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு கிணறோ குளமோ இருக்கும். கோடையில் யாராவது மோர்த்தண்ணீரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுப் பானையில் வைப்பார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி சுமைதாங்கி. நட்டுக்குத்தாக இரண்டு கல், குறுக்கே ஒரு கல்.

சுமைதாங்கியின் உயரத்தை யோசித்துப் பாருங்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமலே, இன்னொருவர் கை கொடுக்காமலே, சுமையை அப்படியே நகர்த்தி வைத்துவிடலாம். போகும்போதும் அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வழியில் ஆள் நடமாட்டமே இல்லாவிட்டாலும் அந்தக் கல் உதவும். தனியாக நடந்து வரும் ஒருவரின் கழுத்து வலியை மனத்தில் நினைத்து அளவெடுத்த உயரம் அது. இன்னொன்றும் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் பெரும்பாலும் அந்தக் கல்லை நட்டார்கள். இறக்கி வைக்க முடியாத பாரத்தோடு போய்விட்டாளே என்று, அவள் பெயரால் ஊரார் பாரத்தை இறக்க ஓர் இடம். துக்கத்தை இப்படி முன்பின் தெரியாத மனிதருக்கான உதவியாக மாற்றத் தெரிந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்திர விலாசத்தைக் கட்டியவருக்கு வரப்போகிறவர் யாரென்று தெரியும். முசாவரி பங்களாவைக் கட்டியவருக்கும், வருகிறவர் என்ன பதவியில் இருப்பார் என்று தெரியும். கல்லை நட்டவருக்கு எதுவும் தெரியாது. வருகிறவரின் பெயர் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது, தலையில் இருப்பது நெல்லா கருவாடா உப்பா என்று தெரியாது. அவர் களைத்து வருவார் என்பது மட்டும் தெரியும். ஒருவருக்கு இடம் கொடுக்க இது ஒன்றே போதும். அவர் யார் என்று தெரிந்துகொள்ளும் முன்பே அவர் களைத்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இடம் கொடுத்தல். கூரை எத்தனை உயரம், கட்டில் எந்தக் காலத்துத் தேக்கு என்பதெல்லாம் அதன்பிறகு வருவது. 1892 டிசம்பரில் குமரிமுனைக்கு வந்து சேர்ந்தபோது விவேகானந்தர் உலகம் அறியாத ஒரு நாடோடித் துறவி. வழியெல்லாம் யார் யாரோ கொடுத்த சோறும் யார் யாரோ விட்ட திண்ணையும்தான் அவரை இந்தக் கடற்கரை வரை நடத்திக் கொண்டுவந்தன. கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த வருஷம் சிகாகோவில் நடக்கப்போவது தெரிந்திருக்கும்?

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாகிவிடுவேன். சுமைதாங்கிக்குக் காவலாள் இல்லை என்பது சரி. ஆனால் அந்தச் சாலையில் நடக்கவே கூடாதென்று தடுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கல்லும் எட்டாது. 1924-இல் வைக்கத்திலும், பிறகு 1926-இல் நம் சுசீந்திரத்தில் டாக்டர் எம்பெருமாள் நாயுடு முன்னின்ற போராட்டத்திலும் கேட்டது முதலில் கோயிலை அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடந்து போகும் உரிமையை. 1925-இல் கன்னியாகுமரிக்கு வந்த காந்தியே, கடல் கடந்து போய்வந்தவர் என்பதால் கோயிலின் உட்பகுதிக்குப் போக முடியாமல் நின்றார். 1936 நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபிறகு, 1937-இல்தான் அவர் எல்லோரோடும் சேர்ந்து உள்ளே போனார்.

அதே 1936-இல் அமெரிக்காவில் ஒரு சிறு புத்தகம் வெளிவரத் தொடங்கியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் தொகுத்தது. எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பர்களுக்கு அறை கொடுக்கும், எந்தக் கடையில் சாப்பிடலாம் என்ற பட்டியல். விடுதியே இல்லாத ஊர்களில், சொந்த வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்த குடும்பங்களின் முகவரிகள் அதில் இருந்தன. வீட்டில் தங்க வைத்துக் காலைச் சாப்பாடு போட்டு அனுப்புவது என்று இன்று நாம் விடுமுறைச் சுகமாக நினைப்பது, அந்த வீடுகளில் உயிருக்குப் பாதுகாப்பு. இருட்டில் எந்தக் கதவைத் தட்டலாம் என்று தெரியாமல் காருக்குள்ளேயே தூங்கியவர்கள் அந்த முகவரிகளை நம்பிப் பிள்ளைகுட்டிகளோடு பயணம் போனார்கள். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்து, விடுதிகள் நிறம் பார்ப்பது சட்டவிரோதமானது. அதற்குப் பிறகு சில வருஷங்களில் அந்தப் புத்தகம் நின்றுபோனது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்க எனக்கும் ஆசைதான். இங்கே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்து எண்பது வருஷம் தாண்டியும், வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் நேராகவும் சுற்றிவளைத்தும் என்ன ஆட்கள் என்று கேட்கிற தெருக்கள் இருக்கின்றன. தனியாக வந்தால் அறை இல்லை என்று சொல்லும் விடுதிகள் பல ஊர்களில் இருக்கின்றன. அதிலும் பெண் தனியாக வந்தால், ‘கூட யாரும் வரலையா?’ என்ற கேள்வி சாவிக்கு முன்னால் வருகிறது. தலைச்சுமையோடு தனியே வருகிறவர்களுக்காக, செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரால் கல் நட்ட மாவட்டம் இது. இங்கே அந்தக் கேள்வி எழலாமா?

பழைய வீடுகளைத் தங்குமிடங்களாகத் திறக்கிறவர்கள் பெருகி வருகிறார்கள். நல்ல காரியம். ஓடு மாற்றாமல், உத்திரத்துக்குச் சாயம் பூசிக் கெடுக்காமல் அவர்கள் செய்யட்டும். துரையின் படத்தைக் கூடத்தில் மாட்டுகிறவர்கள், அங்கே ஆக்கிப் போட்டவரின் பெயரையும் விசாரித்து எழுதி மாட்டட்டும். அவருடைய பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊர்களில்தான் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்பது சட்டம். கேட்டு எழுதிக்கொண்டு, அதற்குமேல் ஒரு வார்த்தை விசாரிக்காமல் சாவியைக் கொடுக்கட்டும். இரவு எத்தனை மணியானாலும் சரி, முன்வாசல் வழியாகவே உள்ளே கூட்டிக்கொண்டு போகட்டும்.